விடுமுறைக்கு முந்திய வாரம்



அரையாண்டு விடுமுறை என்றவுடன் உங்கள் மனக்கண்முன் எவையெல்லாம் தோன்றும் என்று எனக்குத் தெரியும். பாட்டி வீடு, புத்தாடை, பலகாரம், மணியடிக்காத காலைத் தூக்கம். கடைசித் தேர்வை எழுதிவிட்டு நீங்கள் துள்ளிக் குதித்து வாயிலைக் கடக்கும்போது, ஆசிரியர் அறையின் மேசைமீது நீங்கள் எழுதிய தாள்கள் கட்டுக்கட்டாகக் காத்திருக்கின்றன. உங்களுக்கு விடுமுறை தொடங்கும் நேரத்தில் எங்களுக்கு ஒரு வாரத்தின் பாரம் முழுவதும் வந்து சேர்கிறது.

அந்த வாரத்தைப் பற்றியே இங்கு எழுதப் போகிறேன். ஆசிரியரைப் பார்த்துப் பிறர் இரக்கப்பட வேண்டும் என்பது என் நோக்கமன்று. வயலில் நாற்று நடுபவருக்கும் மருத்துவமனையில் இரவுப்பணி செய்பவருக்கும் இல்லாத களைப்பா எங்களுக்கு? ஆனால் ஆசிரியரின் களைப்பு ஆசிரியரோடு நின்றுவிடுவதில்லை. அது ஒரு குழந்தையின் விடைத்தாள்மீது போய் விழுகிறது. அவ்வாறு என் களைப்பு ஒருமுறை ஒரு சிறுமியின் விடுமுறையைப் பறித்துக்கொண்டது. அதிலிருந்து நான் கற்ற பாடத்தை உங்களோடும் உங்கள் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வது என் கடமை என்று எண்ணுகிறேன்.

1. ஒரு வாரத்திற்கு எத்தனை மணி?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 24 மணி. ஏழு நாளைக்கு 168 மணி. இது அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம். நான் நான்கு பிரிவுகளுக்குத் தமிழ் நடத்தி வந்தேன். பிரிவுக்கு 45 மாணவியர். ஆக 180 விடைத்தாள்கள். ஒரு தாளைப் படித்து, பிழையைச் சுட்டி, மதிப்பெண் இட்டு, கூட்டி முடிக்கச் சராசரியாக 8 நிமிடம் ஆகும். 180 தாளுக்கு 1440 நிமிடம். அதாவது 24 மணி. ஒரு முழு இரவும் ஒரு முழுப் பகலும் உண்ணாமல் உறங்காமல் உட்கார்ந்தால்தான் முடியும் வேலை!

இனி அந்த வாரத்தின் மற்றச் செலவுகளைப் பாருங்கள்.

பள்ளியில் இருக்கும் நேரம், நாளுக்கு 8 மணி வீதம் ஐந்து நாள்: 40 மணி.
பேருந்துப் பயணம், நாளுக்கு 1½ மணி: 7½ மணி.
விடைத்தாள் 24 மணியில் பள்ளி ஓய்வு நேரங்களில் முடித்தது 6 மணி போக, வீட்டில்: 18 மணி.
என் வகுப்பு மாணவியர் 45 பேருக்கும் மதிப்பெண் அட்டை எழுதுதல், ஒருவருக்கு 4 நிமிடம்: 3 மணி.
வருகைப் பதிவேட்டைக் கூட்டி முடித்தல், கணினியில் பதிதல்: 2 மணி.
சமையல், துணி, வீட்டு வேலைகள், நாளுக்கு 4 மணி: 28 மணி.
உறக்கம், நாளுக்கு 7 மணி: 49 மணி.

கூட்டினால் 147½ மணி வருகிறது. 168இல் இதைக் கழித்தால் 20½ மணி மீதி! உண்ணவும் குளிக்கவும் கோவிலுக்குச் செல்லவும் வீட்டில் வயதானவர்களைக் கவனிக்கவும் நாளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். சற்று நெருக்கடிதான் என்றாலும் கணக்கு இடிக்கவில்லை. பின் ஏன் அந்த வாரம் என்னை உருட்டிப் போட்டுவிட்டது?

இங்கேதான் நான் பல ஆண்டுகளாகக் கவனியாமல் விட்ட ஒன்று இருந்தது. வாரக் கணக்கு வேறு. நாள் கணக்கு வேறு. அவ்வாண்டு மழை விடுமுறையால் தேர்வுகள் தள்ளிப்போயின. தமிழ்த் தேர்வு கடைசி வாரத்துத் திங்கட்கிழமைதான் நடந்தது. மதிப்பெண் பட்டியலையும் அட்டைகளையும் வெள்ளிக்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டும். ஆகவே வீட்டில் செய்ய வேண்டிய 23 மணி வேலையும் ஏழு நாளில் பரவி நிற்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்னும் நான்கே இரவுகளில் வந்து குவிந்தது. இரவுக்கு 5¾ மணி. மாலை 5¼ மணிக்கு வீடு வந்து, சமைத்து, பரிமாறி, பாத்திரம் துலக்கிவிட்டு 9 மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டிய நேரம் பின்னிரவு 2¾ மணி. காலை 5 மணிக்கு மீண்டும் அடுப்பு. ஏழு மணி உறக்கம் என்று மேலே எழுதினேன் அல்லவா? அது தாளில் மட்டுமே இருந்தது.

பகலிலும் ஓய்வில்லை. காலையில் இரண்டரை மணி நேரம் தேர்வறையில் நின்றபடி கண்காணிப்பு. பிற்பகலில் கிறிஸ்து பிறப்பு விழா ஒத்திகை. வானதூதர் வேடமிடும் சின்னஞ்சிறுமியர் அறுபது பேரை வரிசையில் நிறுத்துவதென்றால் விளையாட்டா? ஒருத்தியின் இறகு அடுத்தவள் கண்ணில் குத்தும். ஒருத்தி ஜிகினாத் தாளைப் பிய்த்து முகர்ந்து பார்ப்பாள். ஒருத்தி எதற்கென்று தெரியாமலே அழுவாள். மைதானத்தில் கத்திக் கத்திப் புதன்கிழமையே என் குரல் கட்டிக்கொண்டது.

2. வியாழன் இரவு

வியாழன் இரவு. வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். மேசையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு தாள்கள். போட்ட தேநீர் ஆறி ஏடு படிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பின் கடைசிக் கட்டு அது. எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் அசைந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு கூட்டினேன், பட்டியலில் பதித்தேன், கட்டைக் கட்டி வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை 'முடித்துவிட்டேன்' என்ற பெருமிதத்தோடு அலுவலகத்தில் ஒப்படைத்தேன். சனிக்கிழமை, விடுமுறையின் முதல் நாள், எனக்குக் காய்ச்சல்.

எங்கள் பள்ளியில் மதிப்பெண் அட்டை விடுமுறைக்கு முன்பும், விடைத்தாள் பள்ளி திறந்த பின்பும் கொடுப்பது வழக்கம். ஜனவரியில் பள்ளி திறந்த நாள், ஒன்பதாம் வகுப்பில் தாள்களைக் கொடுத்தேன். ஒரு சிறுமி தன் தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் மடித்து வைத்தாள். அவளுக்கு 100க்கு 33. தேர்ச்சிக்கு 35 வேண்டும். பக்கத்தில் இருந்த தோழி தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றாள்.

"டீச்சர், இவள் கடிதம் எழுதியிருக்கிறாள். அதற்கு மார்க் போடவே இல்லை."

தாளை வாங்கிப் பார்த்தேன். நூலால் கட்டிய கூடுதல் தாளின் உட்பக்கத்தில் ஒரு பக்கம் நிறையக் கடிதம். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையின் ஒரு புள்ளிகூட இல்லை. நான் அந்தத் தாளைத் திருப்பவே இல்லை. விடுமுறையைத் தன் ஊரில் கழிக்க வருமாறு தோழியை அழைத்து எழுத வேண்டிய கடிதம் அது. பாட்டி வீட்டுக் கிணற்றையும் மாந்தோப்பையும் ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தாள். எட்டு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். 33, 41 ஆயிற்று. வகுப்பின் முன் என் தவற்றை ஒப்புக்கொண்டு, பட்டியலையும் அட்டையையும் திருத்தினேன்.

உணவு இடைவேளையில் அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"விடுமுறைக்கு எங்கேயம்மா போயிருந்தாய்?"

"எங்கும் போகவில்லை டீச்சர். ஃபெயில் ஆனதால் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போக மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். தம்பியும் அம்மாவும் மட்டும் போனார்கள்."

"கடிதம் நன்றாக எழுதியிருக்கிறாயே. அட்டை கொடுத்த அன்றே என்னிடம் வந்து கேட்டிருக்கலாமே?"

அவள் தலைகுனிந்து சொன்னாள்: "நீங்கள் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், டீச்சர்."

மாணவியரே, அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். அந்தச் சொல்லை இன்றுவரை மறக்க முடியவில்லை. எட்டு மதிப்பெண்ணை என்னால் திருப்பித் தர முடிந்தது. பாட்டி வீட்டு நாட்களை எப்படித் திருப்பித் தருவேன்?

அந்த வாரமே அவள் தந்தையைப் பள்ளிக்கு வரச் செய்து, "தவறு என்னுடையது ஐயா, பிள்ளையுடையது அன்று" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "நானும் தாளைப் பார்க்காமலே கோபப்பட்டுவிட்டேன், டீச்சர்" என்றார்.

3. களைப்பு எங்கே தங்குகிறது?

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி இதைத் தள்ளிவிடலாம். ஆனால் எதனால் சறுக்கியது என்று அறிந்தால்தானே அடுத்த முறை தடுக்கலாம்? அன்றுமுதல் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். களைப்பு உடம்பில் மூன்று இடங்களில் தங்குகிறது என்று புரிந்துகொண்டேன்.

முதலாவது, குரல். நம் குரல்வளைக்குள் குரல் நாண்கள் என்னும் இரு சிறிய மடிப்புகள் உள்ளன. நாம் பேசும்போது அவை ஒன்றோடொன்று தட்டி அதிர்கின்றன. பெண்களின் குரலில் இவ்வதிர்வு வினாடிக்கு ஏறத்தாழ 200 முறை. ஒரு பாடவேளையில் ஆசிரியையின் குரல் மொத்தம் 15 நிமிடம் ஒலித்தால்கூட 15 × 60 × 200, அதாவது 1,80,000 முறை அந்த மடிப்புகள் தட்டிக்கொள்கின்றன. ஐந்து பாடவேளைக்கு ஒன்பது லட்சம்! கத்திப் பேசும்போது ஒவ்வொரு தட்டலும் பலமாக விழுகிறது. தொண்டை வறண்டிருந்தால் உராய்வு கூடுகிறது. அடிக்கடி தண்ணீர் பருகுவதும், ஒலிபெருக்கியைப் பயன்படுத்துவதும், இயன்றபோது வாய்மூடி இருப்பதும்தான் மருந்து. கிசுகிசுவென்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று எண்ணுகிறோம். பலருக்கு அது குரல்வளையை இன்னும் இறுக்குகிறது.

இரண்டாவது, கண். அருகில் உள்ளதைப் படிக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை இறுகி வில்லையைத் தடிக்கச் செய்கிறது. தொலைவில் பார்க்கும்போதுதான் அது தளர்கிறது. மேலும், ஊன்றிப் படிக்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. கண் வறண்டு உறுத்துகிறது. இதனாற்றான் 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒரு பொருளை, 20 வினாடி நேரம் பார்க்கும்படி கண் மருத்துவர்கள் சொல்கின்றனர். சன்னலுக்கு வெளியே உள்ள வேப்பமரத்தைப் பார்ப்பது சோம்பலன்று. வேலையின் ஒரு பகுதி.

மூன்றாவது, தீர்ப்பு. இதுதான் மிக முக்கியம். விடைத்தாள் திருத்துவது துணி மடிப்பது போன்ற வேலையன்று. ஒவ்வொரு வரியிலும் 'இது சரியா, இதற்கு எவ்வளவு' என்று முடிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். நன்றாக உறங்கி எழுந்தவருக்கே இது எவ்வளவு கடினம் என்பதை ஒரு பழைய ஆய்வு காட்டுகிறது.

1912ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் என்னும் இருவர், மாணவர் எழுதிய இரண்டு ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தித் தரச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு ஓர் ஆசிரியர் 64 போட்டார்; மற்றொருவர் 98 போட்டார்! 'மொழிப்பாடத்தில் அப்படித்தான் இருக்கும். கணக்கில் நடக்காது' என்று சிலர் சொன்னார்கள். மறு ஆண்டு வடிவக்கணிதத் தாள் ஒன்றை அனுப்பினார்கள். வேறுபாடு இன்னும் அதிகமாயிற்று. வழிமுறைக்கு எவ்வளவு, விடைக்கு எவ்வளவு, அழகாக எழுதாததற்குக் குறைக்கலாமா கூடாதா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்ததே காரணம்.

1920இல் எட்வர்டு தார்ன்டைக் என்னும் உளவியலறிஞர் மற்றொரு பழக்கத்தைச் சுட்டிக்காட்டினார். ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைக் கண்டுவிட்டால் அவரிடம் எல்லாமே நன்றாக இருப்பதாக எண்ணிவிடுகிறோம். படத்தில் புனிதர் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைவது போல, நாமே ஒரு வட்டத்தை வரைந்துவிடுகிறோம். இதற்கு 'ஒளிவட்ட விளைவு' என்றே பெயர். முத்து முத்தான கையெழுத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுவதும், எப்போதும் முதலிடம் வாங்குபவளின் பிழை கண்ணுக்குத் தப்புவதும் இதனாலேயே. களைத்த மனம் வரி வரியாகப் பார்க்காமல் இந்தக் குறுக்கு வழியைத்தான் நாடும். நானும் அந்த இரவில், 'இவள் வழக்கமாகக் கடைசிப் பக்கம் எழுதமாட்டாள்' என்று உள்ளூர எண்ணியிருப்பேனோ என்று பின்னர் பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன்.

4. அறிஞரும் சட்டமும் சொல்வது

நியூயார்க்கில் பகலெல்லாம் தம் மருத்துவத் தொழிலைச் செய்துவிட்டு, இரவில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் உழைத்து வந்த ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர், தாமும் தம்முடன் உழைத்தவர்களும் மெல்ல மெல்ல உள்ளே தீர்ந்துபோவதைக் கண்டார். 1974இல் அதற்குப் 'பர்ன் அவுட்' என்று பெயரிட்டு எழுதினார். எரிந்து தீர்தல் என்று நாம் சொல்லலாம். எண்ணெய் ஊற்றாமல் திரியை மட்டும் தூண்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? திரியே கருகும். கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: உள்ளம் வற்றிப்போதல், யாருக்காக உழைக்கிறோமோ அவர்கள்மீதே எரிச்சலும் பற்றின்மையும் வருதல், எவ்வளவு செய்தும் ஒன்றும் செய்யவில்லை என்ற எண்ணம் தோன்றுதல். இது ஒரு நோயன்று, சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட மன அழுத்தத்தின் விளைவு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமும் வகைப்படுத்தியது.

இரண்டாம் அடையாளத்தைக் கவனியுங்கள். குழந்தைகளை நேசித்து இப்பணிக்கு வந்தவருக்கே குழந்தையைக் கண்டால் எரிச்சல் வருமாயின், அதைவிடப் பெரிய இழப்பு எது?

ஆசிரியரின் வேலை வகுப்பறையோடு முடிவதில்லை என்பதை உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. 1966 அக்டோபர் 5 அன்று பாரிஸ் நகரில் ஆசிரியரின் நிலை குறித்த ஒரு பரிந்துரை ஏற்கப்பட்டது. வேலை நேரத்தை வகுக்கும்போது மாணவர் எண்ணிக்கை, பாடம் தயாரிக்கும் நேரம், தாள் திருத்தும் நேரம், விழா முதலிய பிற பணிகள், பெற்றோருடன் பேசும் நேரம் ஆகிய எல்லாவற்றையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்று அது கூறுகிறது. அந்த நாளையே 1994 முதல் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி ஆசிரியரின் வேலை நேரத்தை, பாடத் தயாரிப்பையும் சேர்த்து, வாரத்திற்குக் குறைந்தது 45 மணி என்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அதை ஓர் அளவுகோலாக வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அந்த டிசம்பர் வாரத்தில் நான் உழைத்தது பள்ளியில் 40, வீட்டில் 23, ஆக 63 மணி. அந்த அளவுகோலைவிட 18 மணி கூடுதல். வீட்டில் நான் தாள் திருத்திய நேரமும் சரியாக அதே 18 மணி!

5. யார் என்ன செய்யலாம்?

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பதறாமல் இருப்பது தனி ஒருவரின் பொறுமையால் மட்டும் ஆகக்கூடியதன்று. அதற்குப் பலர் சேர்ந்து வழி செய்ய வேண்டும்.

ஆசிரியையாகிய நான் செய்துகொண்ட மாற்றங்களை முதலில் சொல்கிறேன். திருத்தத் தொடங்குமுன் ஒவ்வொரு தாளிலும் கூடுதல் தாள் எத்தனை என்று எண்ணி முகப்பில் குறித்துவிடுகிறேன். பெயர் இருக்கும் முகப்புப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்கிறேன். ஒரு மாணவியின் தாளை முழுவதும் திருத்திவிட்டு அடுத்ததை எடுக்காமல், 45 பேரின் முதல் வினாவையும் திருத்தி முடித்த பிறகே இரண்டாம் வினாவுக்குச் செல்கிறேன். அளவுகோல் மாறாமல் இருக்கிறது. இரவு பத்து மணிக்குச் சிவப்புப் பேனாவை மூடிவிடுகிறேன். என் கூட்டலை அடுத்த மேசை ஆசிரியை சரிபார்க்கிறார்; அவர் கூட்டலை நான் சரிபார்க்கிறேன். இதற்குக் கட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. அந்தப் பதினைந்து நிமிடம் எத்தனையோ கண்ணீரைத் தடுத்திருக்கிறது.

பள்ளியை நடத்துவோர் செய்யக்கூடியதும் உண்டு. நான் நடந்ததைச் சொன்னபோது எங்கள் தலைமையாசிரியைச் சகோதரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்து, கடைசி வாரத்தில் யார் யாருக்கு என்னென்ன வேலை என்று எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தபோது எல்லாப் பாரமும் அதே நான்கு நாளில் விழுவது அவர்களுக்கே வியப்பாக இருந்தது. அடுத்த ஆண்டு முதல் விழா ஒத்திகை தேர்வுக்கு முன்பே முடிந்தது. கடைசியாக வரும் பாடங்களின் மதிப்பெண்ணைப் பள்ளி திறந்த பிறகு கொடுக்கலாம் என்று விதி தளர்ந்தது. இதற்குப் பணம் ஏதும் செலவாகவில்லை. ஒரு தாளும், கேட்கும் காதும் போதுமானதாக இருந்தன.

மாணவியரே, உங்கள் பங்கு சிறிது. ஆனால் பயன் பெரிது. வினா எண்ணை ஓரத்தில் தெளிவாக எழுதுங்கள். பக்கங்களுக்கு எண் இடுங்கள். கூடுதல் தாளை நடுவில் செருகாமல் வரிசைப்படி நூலால் கட்டுங்கள். மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் பணிவாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள். என்மீது நம்பிக்கை வைத்து வாய்மூடி இருந்தவளைவிட, எழுந்து நின்று சொன்ன அவளுடைய தோழிதான் அன்று எனக்கு உதவி செய்தாள்.

பெற்றோரே, மதிப்பெண் அட்டையைக் கண்டவுடன் கோபப்படாதீர்கள். அட்டையில் இருப்பது ஓர் எண். தாளில் இருப்பதுதான் உங்கள் பிள்ளை. அந்தத் தாளை ஒருமுறை அவளோடு அமர்ந்து படியுங்கள். அதன்பின் பேச வேண்டியதைப் பேசுங்கள். விடுமுறையைத் தண்டனையாகப் பறிக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் அடுத்த தேர்வில் வரும். அந்த ஆண்டின் விடுமுறை மீண்டும் வராது.

அந்தச் சிறுமி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணுடன் தேறினாள். பள்ளியை விட்டுச் செல்லுமுன் என்னிடம் விடைபெற வந்தாள். "இந்த விடுமுறைக்கு எங்கேயம்மா?" என்று கேட்டேன். "பாட்டி வீட்டுக்கு, டீச்சர்" என்று சிரித்தாள். இன்றும் டிசம்பர் மாதக் கட்டுகளை அவிழ்க்கும்போதெல்லாம் ஒவ்வொரு தாளின் கடைசிப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டே கூட்டுகிறேன்.

சிந்தனைக்கு

1. உங்கள் ஒரு வாரத்தின் 168 மணியைக் கணக்கிட்டு எழுதுக. வாரக் கணக்குக்கும் நாள் கணக்குக்கும் வேறுபாடு உண்டா?

2. ஒரே விடைத்தாளுக்கு இருவர் வெவ்வேறு மதிப்பெண் இடக் காரணங்கள் யாவை?

3. ஒளிவட்ட விளைவுக்கு உங்கள் வகுப்பிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

4. உங்கள் வீட்டில் ஒருவர் களைத்திருப்பதை எந்த அடையாளங்களால் அறிவீர்கள்? அவருடைய வேலையில் எந்த ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும்?

5. தவறு செய்த பெரியவரிடம் அதைப் பணிவோடு சுட்டிக்காட்டுவது எப்படி? தோழியுடன் கலந்து பேசி எழுதுக.